கரி அடுப்பில் ஒரு குடும்பச் சாப்பாடு: அணையும் தணலில்தான் அதிக கவனம்!

அடுப்படிப் பக்கம் | இந்த வாரம்: கரி அடுப்பு

விடுமுறை நாளில் மொட்டை மாடியில் கரி அடுப்பை மூட்டி, கம்பி வலையில் கோழியைச் சுட்டுச் சாப்பிடுவது பெருநகரத்து வழக்கமாக மட்டும் இப்போது இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி சோழபுரம் போன்ற ஊர்களுக்கும் ஆன்லைன் பார்சலில் இந்த அடுப்பு வந்து சேரும் காலம் இது. பெயர்தான் ‘பார்பிக்யூ கிரில்’. செய்வது என்னவோ நம் பாட்டிகள் புழங்கிய குமுட்டி அடுப்பின் வேலைதான்.

பால் காய்ச்ச, காபிக்கு வெந்நீர் வைக்க, அப்பளம் சுட என்று ஒரு காலத்தில் குமுட்டிக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. 2006-ல் அமைந்த தி.மு.க. ஆட்சியின் இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வாலா திட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு கிராமங்களிலும் கேஸ் நிலைத்துவிட்டது. குமுட்டி பரணுக்குப் போனது. தணலை எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது, எப்படி அணைப்பது என்ற பழக்கமும் அதோடு போய்விட்டது. அடுப்பை மறுபடி வாங்கும் குடும்பங்கள் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

எந்தக் கரி நல்ல கரி?

விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் கரி என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலக் கரிதான். விறகை அடுக்கி, மேலே இலை தழை போட்டு மண்ணால் மூடி, காற்றைக் குறைத்துப் பல நாள் வேகவிடுவார்கள். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். விறகில் உள்ள ஈரமும் புகையாகும் பொருள்களும் மூட்டத்திலேயே வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதனால்தான் கரி அதிகம் புகையாமல் எரிகிறது. எடைக்கு எடை பார்த்தால் விறகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடும் தருகிறது.

ராஜபாளையம் பக்கம் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை என்பதால் சிரட்டைக் கரியும் நல்ல தேர்வு. எந்தக் கரியானாலும் இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த, காய்ந்த கரி. உடைத்தால் உள்ளே பழுப்பாக மரம் தெரிகிறதா? அது அரைவேக்காடு, புகையும். ஈரக் கரி படபடவென வெடித்துப் பொறி தெறிக்கும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டுகளைக் கரியோடு சேர்த்து எரிக்கவே கூடாது.

நான்கு பேர் சாப்பாட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கரி போதும்.

மூட்டுவது எப்படி?

மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் வேண்டாம். ஊற்றும்போதே தீ கைக்கு ஏறிவிடும். உணவிலும் வாடை அடிக்கும். காய்ந்த பன்னாடை, இரண்டு சிரட்டை, கொஞ்சம் பழைய செய்தித்தாள் இருந்தால் போதும். அதன்மேல் கரியைக் கூம்பாகக் குவித்து, அடிப்பக்கத்துக் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். விசிறினால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

கறுப்புக் கரியில் தீ ஆடும்போது சமைக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் அவசரம். வெளியே கருகி, உள்ளே வேகாமல் போவது இதனால்தான். 20 முதல் 30 நிமிடம் பொறுங்கள். தீ அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகே தணல் தயார்.

பிறகு தணலை முழுக்கப் பரப்பாமல் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். ஒரு பக்கம் அதிகச் சூடு, மறுபக்கம் மிதமான சூடு என்று கிடைத்துவிடும். கேஸ் அடுப்பில் திருகும் குமிழுக்குப் பதில் இது. சூட்டை அளக்க உள்ளங்கை போதும். கம்பி வலைக்கு அரை அடி உயரத்தில் கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியாவிட்டால் அதிகச் சூடு; ஐந்தாறு நொடி தாங்கினால் நடுத்தரம்; எட்டு நொடிக்கு மேல் என்றால் இளஞ்சூடு.

மூடி போட்ட அடுப்பாக இருந்தால் இன்னும் வசதி. 1952-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்டீஃபன், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி உருண்டையான கரி அடுப்பு செய்தார். மூடியிலும் அடியிலும் காற்றுத் துளை வைத்த அந்த வடிவம்தான் ‘வெபர்’ அடுப்பாக உலகெங்கும் பரவியது. துளையைத் திறந்தால் சூடு ஏறும், குறைத்தால் தணியும், முழுக்க மூடினால் கரி அணையும். இந்தக் கணக்கு எல்லாக் கரி அடுப்புக்கும் பொருந்தும்.

ஒரு தணல், மூன்று பந்தி

கரியின் சூடு ஒரே சீராக இருக்காது. ஏறி, நின்று, இறங்கும். அந்த வரிசையில் சமைத்தால் மறுபடி கரி போட வேண்டியதில்லை. சோற்றை மட்டும் கேஸில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில், தணல் உச்சத்தில் இருக்கும்போது கோழி அல்லது மீன். கோழித் தொடையில் ஆழமாக இரண்டு கீறல் போட்டு, தயிர், இஞ்சி-பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். அதிகச் சூட்டில் இருபுறமும் நிறம் மாறியதும் மிதமான பக்கத்துக்குத் தள்ளி, மூடிபோட்டு 30 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். எலும்பு ஓரத்தில் குத்தினால் சிவப்பு நீர் வரக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கண்மாய் மீன் என்றால் மசாலா தடவி வாழையிலையில் மடித்துச் சுடலாம். 15 நிமிடம் போதும். சைவக் குடும்பங்கள் காளான், குடைமிளகாய், சின்ன வெங்காயத்தைக் கம்பியில் கோத்துக்கொள்ளலாம். மூங்கில் குச்சியாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த பிறகு கோப்பது நல்லது.

அடுத்து, நடுத்தரச் சூட்டில் துவையலுக்கான காய்கள். கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டுத் தணலில் வையுங்கள். குத்தாமல் வைத்தால் வெடிக்கும். பக்கத்திலேயே தக்காளி, தோலோடு பூண்டு, பச்சை மிளகாய். எல்லாம் சுட்டதும் தோல் உரித்து, புளி, உப்பு சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே நல்லெண்ணெய் விட்டால் சோற்றுக்கு அதுவே போதும்.

கடைசியாக, தணல் இறங்கும்போது அப்பளம். இடுக்கியால் பிடித்து, நொடிக்கு ஒருமுறை திருப்பிச் சுட வேண்டும். சாம்பல் மூடிய தணலின் ஓரத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டால், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது அது வெந்திருக்கும்.

கருகல் வேண்டாம்

கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும், கருகிய இறைச்சியிலும் புற்றுநோயோடு தொடர்புள்ள ரசாயனங்கள் உண்டாகின்றன. இறைச்சியை ஊறவைப்பது, அடிக்கடி திருப்புவது, கொழுப்பை நீக்கிவிட்டுச் சுடுவது ஆகியவை இதைக் குறைக்கும். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். குழந்தைகள் ‘மொறுமொறு’ என்று கேட்டாலும் கரியான துண்டைக் கொடுக்காதீர்கள். தினமும் சாப்பிடும் உணவல்ல இது. எப்போதாவது ஒருநாள் போதும்.

புகை இல்லை, ஆனால் விஷம் உண்டு

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்களில் இருவர், தங்கியிருந்த அறையிலேயே இறந்துகிடந்தனர். இரவில் கோழி சுட்ட கரி அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துத் தூங்கியதே காரணம் என்று செய்திகள் வெளியாகின.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளியேறுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். விறகு அடுப்பு என்றால் புகை நம்மை வெளியே விரட்டிவிடும். கரி அப்படி விரட்டாது. சமைக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். சமையல் முடிந்து, சாம்பல் மூடி, ‘அணைந்துவிட்டது’ என்று தோன்றும் நேரத்தில்தான் அடுப்பை உள்ளே தூக்கி வருவார்கள். அந்தத் தணல் மணிக்கணக்கில் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

எனவே சில விஷயங்களில் சமரசமே வேண்டாம்:

* கரி அடுப்பின் இடம் முற்றம், மொட்டை மாடி, கொல்லை போன்ற திறந்தவெளி மட்டுமே. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் சமையலறையோ, கதவு மூடிய பால்கனியோ, ஷட்டர் போட்ட கார் நிறுத்துமிடமோ திறந்தவெளி ஆகாது.

* ஐப்பசி, கார்த்திகையில் திடீரென மழை பிடித்தால் அடுப்பை உள்ளே தூக்காதீர்கள். மூடியால் மூடி, துளைகளை அடைத்துவிட்டு, உணவை மட்டும் உள்ளே எடுத்து வந்து கேஸில் முடியுங்கள்.

* குளிருக்காகத் தணலைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போடும் தணலும் இப்படித்தான். தேவையென்றால் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்த உடனே தணலை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

* அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், உடல் சோர்வு, குழப்பம் ஏதாவது வந்தால் உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். 108-ஐ அழையுங்கள். ‘பித்தமாக இருக்கும்’ என்று படுக்கவைக்காதீர்கள்.

அணைப்பதும் சமையலில் சேர்த்திதான்

மூடி உள்ள அடுப்பில் எல்லாத் துளைகளையும் அடைத்தால் கரி தானாக அணையும். மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மூடி இல்லையென்றால் தணலை இரும்பு வாளிக்கு மாற்றி, சற்றுத் தள்ளி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள். மொத்தமாக ஊற்றினால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும். அணைந்த பிறகும் ஒருநாள் முழுக்க வெளியிலேயே இருக்கட்டும். சூடான சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைக் கூடையிலோ, காய்ந்த தென்னையோலைக் குவியலிலோ கொட்டினால் தீப்பிடிக்கும்.

நன்றாக ஆறிய சாம்பலில் பொட்டாசியம் சத்து உண்டு. தொட்டிச் செடிக்கு ஒரு கைப்பிடி போடலாம், பாத்திரம் துலக்கவும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: புது மண்சட்டியைப் பழக்குவது எப்படி?