ஷேக்ஸ்பியரைக் கொல்வதா?

தலைப்பைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ஷேக்ஸ்பியர் 1616-ஆம் ஆண்டே இறந்துவிட்டார். அவரை இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'கில் ஷேக்ஸ்பியர்' என்பது ஓர் ஆங்கிலப் படக்கதைத் தொடரின் பெயர். நம் பள்ளி நூலகத்தின் மரப் பீரோவில் அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

"படக்கதையா! ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்ற குரல் இப்போதே என் காதில் விழுகிறது. பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பூகோளப் புத்தகத்துக்குள் இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்துப் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? என் அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மா மட்டும் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் புத்தகம் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மாமாவின் பெட்டியில் வந்தது. தொடரை உருவாக்கியவர்களும் கனடா நாட்டவர்களே. கானர் மெக்கிரீரி, ஆண்டனி டெல் கோல் என்ற இருவர் எழுத, ஆண்டி பெலாஞ்சர் என்பவர் சித்திரம் வரைந்தார். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் இதழ் வெளிவந்தது. பன்னிரண்டு இதழ்களில் முதற்கதை முடிந்தது. பிறகு அவற்றை இரண்டு நூல்களாகச் சேர்த்தார்கள். முதல் நூலின் பெயர் 'எ சீ ஆஃப் டிரபிள்ஸ்'. இது ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியிலிருந்து எடுத்த தொடர். இரண்டாவது 'தி பிளாஸ்ட் ஆஃப் வார்'. இது ஐந்தாம் ஹென்றி நாடகத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவில் படக்கதை என்றால் மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய நிறுவனங்களின் ஆட்சிதான். அங்கே வேலை செய்யும் எழுத்தாளர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாத்திரங்கள் நிறுவனத்துக்கே சொந்தம். இந்த மூவரும் அந்த வாசல்களுக்குப் போகவில்லை. ஐ.டி.டபிள்யூ. என்ற சிறிய பதிப்பகத்தின் வழியாகத் தங்கள் சொந்தக் கதையை வெளியிட்டார்கள். பறக்கும் வீரனும் முகமூடிக்காரனும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் குளோப் அரங்கில் நடமாடிய வீரர்கள் யாருடைய அனுமதியும் வேண்டாமல் காத்திருந்தார்கள்!

இனிக் கதைக்கு வருகிறேன். முடிவைச் சொல்லமாட்டேன்.

டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகிறான். நடுக்கடலில் கொள்ளையர் தாக்குகிறார்கள். இதுவரை நாடகத்தில் உள்ளபடியே. ஆனால் நாடகத்தில் அந்தக் கொள்ளையர் மேடைக்கே வருவதில்லை. ஹொரேஷியோவுக்கு ஹாம்லெட் எழுதும் கடிதத்தில் சில வரிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஹாம்லெட் டென்மார்க்குக்கே திரும்பிவிடுவான். படக்கதைக்காரர்கள் சரியாக அந்த இடத்தில் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறார்கள். அவர்களுடைய ஹாம்லெட் வீடு திரும்பாமல் மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் நாட்டில் கரை ஒதுங்குகிறான். (இதைச் சரிபார்ப்பதற்காகவே நான் நாடகத்தின் நான்காம் அங்கத்தைத் தேடிப் படித்தேன். படக்கதை படித்தால் மூலத்தைத் தொடமாட்டார்கள் என்று சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.)

ரிச்சர்டு அவனுக்கு ஒரு பேரம் சொல்கிறான். அந்த நாட்டில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்றொரு மந்திரவாதி மறைந்து வாழ்கிறான். அவனுடைய இறகுப் பேனாவில்தான் எல்லா ஆற்றலும் இருக்கிறது. அவனைக் கொன்று அந்தப் பேனாவைக் கொண்டு வந்தால், இறந்துபோன உன் தந்தையை உயிரோடு உனக்குத் தருவேன் என்கிறான்.

மாக்பெத் சீமாட்டியும் ரிச்சர்டின் பக்கம் நிற்கிறாள். மறுபக்கத்தில் ஷேக்ஸ்பியரைத் தங்கள் படைப்பாளி என்று நம்பும் கிளர்ச்சிக்காரர்கள். அவர்களுக்குத் தலைவி யார் தெரியுமா? ஜூலியட்! காதலனுக்காகக் கத்தியால் குத்திக்கொண்டு மாண்டாளே, அதே ஜூலியட்தான். இங்கே அவள் சாகவில்லை. துயரத்தைச் சுமந்துகொண்டே வாளெடுத்து மக்களை நடத்துகிறாள். மனைவியைக் கொன்ற பாவத்தால் உறக்கமின்றித் தவிக்கும் ஒதெல்லோ அவளுக்குத் துணை. கலகலப்பூட்ட ஃபால்ஸ்டாஃப் இருக்கிறார். பாவம், நாடகத்தில் அவருக்கு நல்ல சாவுகூட மேடையில் கிடைக்கவில்லை. ஐந்தாம் ஹென்றியில் அவர் இறந்த செய்தியைப் பிறர் வாயால் மட்டுமே கேட்கிறோம். இயாகோவும் வருகிறான். அவன் யார் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை; சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

இந்தப் புத்தகத்தை வகுப்பில் ஒருத்திக்குப் படிக்கக் கொடுத்தேன். போன ஆண்டு அவளுடைய அப்பா காலமானார். அதை நினைக்காமல் கொடுத்துவிட்டேன். மதிய உணவு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், ரிச்சர்டு பேரம் பேசும் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட ஒருத்தன் வந்து இப்படிச் சொல்லியிருந்தா நானும் போயிருப்பேன்டி" என்றாள். அவள் அப்பாவைப் பற்றி எங்களிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை. அன்று மணி அடிக்கும்வரை பேசினாள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

வெறும் சண்டைக் கதையாக இருந்திருந்தால் இந்தப் பக்கங்களை வீணாக்கியிருக்கமாட்டேன். என்னை உலுக்கியது அந்தப் பாத்திரங்கள் கேட்கும் கேள்வி. எங்களைப் படைத்தவர் ஒருவர் உண்டா? உண்டென்றால் ஏன் மறைந்திருக்கிறார்? எங்களுக்கு ஏன் இத்தனை துன்பத்தை எழுதினார்? சிலர் அவர் நல்லவர் என்று நம்புகிறார்கள். சிலர் கொடியவர் என்கிறார்கள். சிலர் அப்படி ஒருவரே இல்லை என்கிறார்கள். கதையில் நாம் சந்திக்கும் ஷேக்ஸ்பியரும் பாடப் புத்தக அட்டையில் இருக்கும் கம்பீரமான மனிதர் அல்லர். தாம் படைத்த உலகத்தை விட்டு ஒதுங்கிக்கொண்டவர்.

மறைக்கல்வி வகுப்பில் இதே கேள்வி எங்களுக்கும் எழுகிறது. ஆனால் யாரும் எழுந்து நின்று கேட்பதில்லை. கேட்டால் விசுவாசம் குறைந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். யோபு கேட்கவில்லையா? பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்ட கேள்விகளை நம் வேதாகமம் மறைக்காமல் வைத்திருக்கிறது. சர்வேசுரனுக்கும் ஒரு நாடக ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு எனக்கும் தெரியும். ஆனாலும் கற்பனை மனிதர்களின் வாயில் அந்தக் கேள்வி வரும்போது, பயமில்லாமல் உட்கார்ந்து யோசிக்க முடிகிறது.

ரிச்சர்டைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். ஷேக்ஸ்பியர்மேல் கோபப்பட உண்மையான ரிச்சர்டுக்குக் காரணம் இருந்தது. கூன் முதுகும் சூம்பிய கையும் கொண்ட அரக்கனாக அவரை நாடகம் காட்டிவிட்டது. 1485-இல் போரில் இறந்த அந்த மன்னரின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில் வாகனம் நிறுத்தும் இடத்தின் அடியில் கிடைத்தன. முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை. ஆனால் கை சூம்பியிருக்கவில்லை. இங்கிலாந்து திருச்சபை ரோமை விட்டுப் பிரியும் முன்பே இறந்த கத்தோலிக்கர் அவர். அதனால் 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் மறு அடக்கம் செய்வதற்கு முன், கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ் அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து! படக்கதையில் அந்த மன்னன் "ஷேக்ஸ்பியரைக் கொல்" என்று கட்டளையிடும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் இரக்கமும் வந்தது.

"மகாகவியின் நாடகங்களில் கைவைக்க இவர்கள் யார்?" என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஷேக்ஸ்பியரே கைவைக்காத கதை எது? ஹாம்லெட் பழைய டென்மார்க் வரலாற்றுக் கதை. ஒதெல்லோ ஓர் இத்தாலியக் கதை. ரோமியோ ஜூலியட் 1562-இல் ஆர்தர் புரூக் என்பவர் ஆங்கிலத்தில் பாடிய நெடும்பாட்டிலிருந்து எடுத்தது. பல மாதங்கள் நடந்த கதையைச் சில நாட்களுக்குள் அடக்கினார். புரூக்கின் ஜூலியட்டுக்கு ஏறக்குறையப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியர் அதைப் பதினான்கு நிரம்பாதவளாகக் குறைத்தார். என்னைவிடச் சிறியவள்! அவளைச் சாகடித்ததை உயர்ந்த இலக்கியம் என்கிறோம். அவளைப் பிழைக்க வைத்தால் மட்டும் குற்றமா?

நம் நூலகத்தில் லாம் எழுதிய ஷேக்ஸ்பியர் கதைகள் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு அட்டை கிழிந்துபோகும் அளவுக்குப் படித்திருக்கிறோம். 1807-இல் அது வெளிவந்தபோது அதுவும் ஒரு சுருக்க வேலைதான். அதன் முன்னுரையில் ஒரு செய்தி இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையின் புத்தக அறை சிறு வயதிலேயே திறந்துவிடுகிறது, பெண் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, ஆகவே பெண்களை முக்கியமாக மனத்தில் வைத்தே இதை எழுதினோம் என்பது அதன் கருத்து. இருபது கதைகளில் பதினான்கை எழுதியவர் சார்லஸ் லாமின் அக்காள் மேரி. முதற்பதிப்பில் அவர் பெயரே போடவில்லை என்பது வேறு கதை.

குறைகளை மறைக்கமாட்டேன். சில பக்கங்களில் இரத்தம் அதிகம். மாக்பெத் சீமாட்டியின் உடை சில இடங்களில் எனக்கே பிடிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பழைய ஆங்கிலம் போல எழுத முயன்று இலக்கணத்தில் தடுமாறியிருக்கிறார்கள் என்று அறிந்தவர்கள் கண்டித்திருக்கிறார்கள். தேர்வில் யாரும் அந்த நடையைப் பின்பற்ற வேண்டாம். ஆகவே ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு இது வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம். இரத்தத்தைக் காட்டி மட்டும் மறுக்காதீர்கள். போன ஆண்டு விழாவில் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ஜூலியஸ் சீசரை நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து குத்திக் கொன்றோமே! சிவப்பு மை முன்வரிசை வரை தெறித்தது. பெற்றோர் கைதட்டினார்கள். அருட்சகோதரிகளும் தட்டினார்கள்.

டொரொண்டோவில் இந்தக் கதையை மேடையேற்றியும் இருக்கிறார்கள். படங்களைத் திரையில் காட்ட, நடிகர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று குரல் கொடுக்க, இடி, வாள், குதிரைக் குளம்பு எல்லாவற்றின் ஓசையையும் பக்கத்திலேயே உண்டாக்குவார்கள். உடையும் திரைச்சீலையும் வாங்கப் பணமில்லை என்று நம் நாடக மன்றம் ஆண்டுதோறும் வருந்துகிறது. இந்த முறைக்கு ஒரு வெள்ளை வேட்டியும், தட்டுவதற்கு ஒரு தகரமும், கொட்டாங்கச்சி இரண்டும் போதும். நல்ல குரல் இருந்தும் கூச்சத்தால் மேடை ஏறாத பெண்கள் எங்கள் வகுப்பிலேயே நால்வர் இருக்கிறார்கள்.

தொடர் அத்துடன் நின்றுவிடவில்லை. 2013-இல் 'தி டைட் ஆஃப் பிளட்' வந்தது. அதில் புராஸ்பெரோவின் தீவுக்குப் போகிறார்கள். 2014-இல் 'தி மாஸ்க் ஆஃப் நைட்' வந்தது. இவை என்னிடம் இல்லை. முதல் இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒரு மாலைப் படிப்பு நேரத்தில் முதல் நூல் பிடிபட்டு, மூன்று வாரம் சிஸ்டர் ஒருவரின் மேசை அறையில் இருந்தது. நான்காம் வாரம் என்னை அழைத்தார். தண்டனை என்று நினைத்து நடுங்கிக்கொண்டே போனேன். "ரிச்சர்டு சொன்னதை அந்தப் பையன் நம்பிவிட்டானா? இரண்டாவது எங்கே?" என்று கேட்டார்.

இரண்டாவது இப்போது அவரிடம் இருக்கிறது. அவர் திருப்பித் தந்ததும் இரண்டையும் நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன், ஏற்றுக்கொள்வதானால். பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து வீட்டில் யாரும் பதற வேண்டாமே என்றுதான். பக்க ஓரத்தை மடிக்காதீர்கள். வேப்பமரத்தடியில் படிப்பவர்கள் காக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு