தண்ணீரால் வரும் சூடு

2024 மார்ச்சில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றத் தொடங்கியபோது, நகரத்தின் தாகம் தீர்க்க லாரிகளோடு டிராக்டர்களும் டேங்கர் இழுத்தன. 5 கிலோ மீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது. அந்த விலையில் நாளைக்குப் பல நடை ஓடினால்தான் கட்டுப்படியாகும். மேட்டில் ஏறும்போது பழைய இன்ஜின் ஆவி கக்கி நின்றுவிட்டால் அன்றைய வரும்படி போச்சு.

இந்த மாதிரி நேரத்தில் டிரைவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகித் திறக்கிறார்கள். பின்னாலிருக்கும் டேங்கரிலிருந்தே ஒரு வாளி பிடித்து ஊற்றுகிறார்கள். முதல் காரியம் முகத்தை வேக வைக்கும். இரண்டாவது, கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டு சிலிண்டர் ஹெட்டை விரிசல் விட வைக்கும். அரை மணி நேரம் காத்திருப்பதுதான் லாபம்.

அந்த வாளித் தண்ணீரில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பெங்களூர், கோலார் வட்டாரத்து போர்வெல் நீரில் பெரும்பாலும் உப்பு அதிகம். சூடானால் உப்பு பிரிந்து சிலிண்டர் லைனரைச் சுற்றிக் காறையாகப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவுதான். வெப்பம் கடத்துவதில் இது வார்ப்பிரும்பில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. வண்டி எந்த நீரைச் சுமக்கிறதோ, அதே நீரால் மெல்ல மெல்ல வேகிறது.

கொதிப்பதெல்லாம் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கொதிநிலை 100-ஐத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் நல்ல இன்ஜினும் பொங்கும். ஆகவே, ஹெட்டைக் கழற்றும் முன் மூடியை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். அடுத்து ஃபேன் பெல்ட்: கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. பிறகு ரேடியேட்டரின் முகப்பு. ராகி அறுவடைக் காலத்தில் களத்து உமி முழுவதும் அங்கேதான் அடைந்து கிடக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றோ நீரோ அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் உமி இன்னும் உள்ளே இறுகும். கீழ் ஹோஸ் இற்றுப் போயிருந்தால், வேகம் கூட்டும்போது பம்ப் உறிஞ்சி அது ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் இது கண்ணில் படாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல மெக்கானிக்குகளின் கை வைத்தியம். இதனால் அடைப்பு தீராது. காலையில் இன்ஜின் சூடாக நேரமாகி சிலிண்டர் தேய்வதுதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வந்தாலோ, ஆயில் மோர் போல வெளுத்தாலோ பந்தயம் வேறு: ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

அது ஹெச்.எம்.டி. 2511 போன்ற வண்டியில் நேர்ந்தால்தான் சங்கடம். கைக்கடிகாரத்தால் பெயர் பெற்ற இந்த பெங்களூர் நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தில் 1971 முதல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் தயாரித்தது. 2016-ல் அந்தப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இனி வெடித்த ஹெட்டுக்கு மாற்று தேடுகிறவர், உடைத்து விற்கும் பழைய வண்டிகளைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டும்.

காறையைக் கரைக்க சிட்ரிக் அமிலக் கரைசல் ஓட்டலாம். ஆனால் கிழ இன்ஜினில் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதே சில இடங்களில் அந்தக் காறைதான். கழுவிய மறுநாள் ஒழுகினால் கழுவியவரைத் திட்டக்கூடாது. கழுவிய பின் ஊற்ற வேண்டியது கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீர். அது கிடைக்காவிட்டால், கூரையிலிருந்து பிடித்து வைத்த மழை நீர் ஒரு குடம். டேங்கர் குழாய்ப் பக்கம் மட்டும் போகக்கூடாது.