ஊசிக்கு முன்னால் ஸ்கான்

ஈரல் புற்றுநோய்க் கட்டியை வெட்டாமல், இருந்த இடத்திலேயே சுட்டு அழிக்கும் சிகிச்சை 1990களிலிருந்து வழக்கில் உள்ளது. ஸ்கான் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியொன்று தோலினூடாகக் கட்டிக்குள் செலுத்தப்படும். ரேடியோ அலையோ மைக்ரோவேவ் அலையோ ஊசி நுனியைச் சுற்றியுள்ள திசுவைச் சூடாக்கும். வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் கலங்கள் அநேகமாக உடனே இறந்துவிடும். கட்டியோடு அதைச் சூழ்ந்த 5 முதல் 10 மில்லிமீற்றர் நல்ல திசுவும் வெந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். சிரோசிஸால் தழும்பேறிப் பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்க முடியாத ஈரலுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஆனால் கட்டியின் அளவு இங்கே கறாரான எல்லை. 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டியில் பலன் வெட்டி எடுப்பதற்கு நிகரானது. 3 சென்ரிமீற்றர் வரையும் நம்பலாம். அதற்கு மேல் விளிம்பில் உயிருள்ள கலங்கள் தப்பிவிடும். பெரிய இரத்தக்குழாய் அருகில் ஓடினால் அது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். மைக்ரோவேவ் முறையில் இந்த இழப்பு சற்றுக் குறைவு.

2 சென்ரிமீற்றர் கட்டி வலிப்பதில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வரும் ஒருவருக்கு ஊசியின் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே மன்னாருக்கு முதலில் வேண்டியது சுடும் இயந்திரமல்ல. சிரோசிஸ் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் அடங்கிய பதிவேடும், 6 மாதத்துக்கு ஒருமுறை தவறாத அல்ட்ராசவுண்ட் ஸ்கானுமே வேண்டும். இத்தகைய கட்டி இரட்டிப்பாகச் சராசரியாக 4 முதல் 6 மாதம் எடுப்பதால்தான் இந்த இடைவெளி.

யாரைப் பதிவது என்பதில் ஒரு பழைய எண்ணம் குறுக்கே நிற்கிறது. கள்ளும் கசிப்பும் குடிப்பவருக்கே ஈரல் கெடும் என்று ஊர் நம்புகிறது. குடி பெருங்காரணம்தான். ஆனால் ராகமையில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடியால் வராத கொழுப்பு ஈரல் காணப்பட்டது. கிழக்காசியாவில் ஹெபடைடிஸ் பி கிருமி செய்வதை இலங்கையில் கொழுப்பும் நீரிழிவும் மதுவும் செய்கின்றன. ஒரு துளியும் குடித்தறியாத, மன்னாரின் பேசாலையைச் சேர்ந்த பெண்ணொருவர் நீரிழிவுக் கிளினிக்கில் பல வருடம் மருந்து வாங்கியும், அவரது ஈரலை எவரும் பார்க்காமலே போகலாம். தேடலை நீரிழிவுக் கிளினிக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 99,570. இவ்வளவு சிறிய மாவட்டத்துக்குத் தனி ஊசிச் சேவை எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. வருடத்தில் சில தடவை மட்டும் ஊசி பிடிக்கும் கை குறி தவறும். வடக்கு முழுவதற்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நிலையான ஒரு குழு போதும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் எட்டும் தூரம்தான். புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மகரகமைக்கோ ஏறக்குறைய 300 கிலோமீற்றர்; நாளாந்தக் கடற்தொழிலாளிக்கு அந்தப் பயணம் பல நாள் உழைப்பு.

பயணம் ஒன்றோடு முடிவதுமில்லை. கட்டி அழிந்தாலும் நோயுற்ற ஈரல் அப்படியே இருப்பதால், 5 வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோரில் புதுக்கட்டி தோன்றுகிறது. சுட்ட ஒரு மாதமளவில் சி.ரி. ஸ்கான், பின்னர் 3 முதல் 6 மாதத்துக்கொன்று என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியின் வீட்டுக்கு ஆகக் கிட்டிய வைத்தியசாலையில் படம் எடுத்து, ஊசி போட்ட குழுவுக்குக் கணினி வழி அனுப்பும் ஒழுங்கை மாகாண சுகாதாரத் திணைக்களமும் மத்திய சுகாதார அமைச்சும் சேர்ந்து எழுத்தில் வகுக்க வேண்டும். தவணைக்கு வராதவரைத் தேடிப் போகும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும்.