பழைய மினி ஹிட்டாச்சி பழுதா? வரிக் குறைப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள்

டிராக்டருக்கு ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, மினி ஹிட்டாச்சியின் உதிரி பாகமும் விலை குறைந்திருக்கும் என்று நினைத்துப் பழுதைத் தள்ளிப்போடுகிறீர்களா? அந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டரின் டயர், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பம்ப் போன்றவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆனது. மினி எக்ஸ்கவேட்டருக்கு இந்தச் சலுகை இல்லை. நீங்கள் அதைத் தென்னந்தோப்பில் மட்டுமே ஓட்டினாலும், வரிக் கணக்கில் அது மண் அள்ளும் இயந்திரம்தான். இயந்திரத்துக்கும் பாகங்களுக்கும் 18 சதவீதமே தொடர்கிறது. ஒரு பாகத்தின் விலை 1,00,000 ரூபாய் என்றால், கையிலிருந்து போவது 1,05,000 அல்ல, 1,18,000. ஜிஎஸ்டி பதிவு வைத்து வாடகைக்கு ஓட்டுபவர் இந்த வரியைத் தன் கணக்கில் வரவு வைக்க வழி உண்டு. பதிவு இல்லாத விவசாயிக்கு அது முழுச் செலவு.

காலமும் பணம்தான்

சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 வரைதான் டெல்டாவில் வாய்க்கால், குட்டை வேலைகளுக்கு இடைவெளி. 2024 முதல் ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற முடிகிறது. அதனால் கோடையில் இயந்திரத்துக்குத் தேவை அதிகம். ஏப்ரலில் வண்டி நின்றால், பாகத்தின் விலையோடு நிற்கும் நாட்களின் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். எனவே பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கனம்.

முதலில் காரணம், பிறகு பாகம்

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால், உடனே டிராவல் மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் டிராக்கில் மண், கல் சிக்கியிருக்கிறதா, அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், இடது, வலது மோட்டார்களுக்குப் போகும் ஹோஸ்களை மெக்கானிக்கை வைத்து மாற்றி இணைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறுபக்கம் போனால் பழுது பம்ப்பிலோ வால்விலோ இருக்கிறது. அதே பக்கம் நின்றால்தான் மோட்டார் மீது சந்தேகம்.

மோட்டார்தான் போயிருக்கிறது என்றாலும் நிதானம் தேவை. பல வண்டிகளில் மோட்டாரிலிருந்து எண்ணெய் திரும்பும் வழியில் சிறிய ஃபில்டர் ஒன்று உண்டு. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் பிய்ந்துவிடும். ஃபில்டரை மாற்றாமல் புது மோட்டார் போட்டால், அதுவும் அதே வழியில் போகும். பம்ப் உடைந்தாலும் இதே கதைதான். உலோகத் துகள் எண்ணெயோடு எங்கும் பரவியிருக்கும். டேங்க், லைன், கூலர் எல்லாவற்றையும் கழுவி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே புது பம்ப் போட வேண்டும்.

எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றலாம்?

• சிலிண்டர் கசிந்தால், ராடு வழவழப்பாக இருக்கும்வரை சீல் கிட் போதும். ராடில் கீறல் விழுந்திருந்தால் புது சீலையும் அது கிழிக்கும். ராடை குரோம் பூச வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.
• பின், புஷ் ஆட்டம் கண்டால் சீக்கிரம் மாற்றுங்கள். விட்டால் துளையே அகன்று, வெல்டிங் வைத்துக் கடைய வேண்டிய பெரிய வேலையாகும்.
• ரப்பர் டிராக்கில் மேலே வெடிப்பு மட்டும் என்றால் ஓட்டலாம். உள்ளே கம்பி தெரிந்து அறுந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையேல் புது டிராக்கைத் தின்றுவிடும்.
• ஹோஸ் கசிந்தால் ஒட்டுப் போடாதீர்கள், மாற்றுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டையை வைத்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்தால், வெளியே புள்ளி அளவுதான் தெரியும். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். இறக்குமதியான பழைய வண்டிகளில் ஒரே பெயரில் வேறு பாகம் இருக்கும். வண்டித் தகட்டிலும் மோட்டார் தகட்டிலும் உள்ள எண்களைப் படமெடுத்து அனுப்புங்கள். பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லாமல் வரியை மிச்சப்படுத்தினால், பாகம் ஒரே மாதத்தில் போனாலும் கடைக்காரரிடம் கேட்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

“இது ஏன் உடைந்தது?” என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வரும்வரை புதுப் பாகத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.