மிட்வேயில் திரும்பிய போர்

தோழர்களே! இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை எது? அண்ணாமலை நகரில் வரலாறு பயிலும் தம்பியைக் கேளுங்கள்: "மிட்வே, ஸ்டாலின்கிராட்" என்பான். தேர்வுக்கு அது போதும். நமக்குப் போதுமா?

1942 ஜூன்! மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது ஜப்பான். பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழி ஆபத்தாயிற்று. காடு பிளந்து, மலை குடைந்து, சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முனைந்தது. அடி வாங்கியவன் அட்மிரல், அழிந்தவன் யார்? தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் பிறந்து, நாகையில் கப்பலேறி, மலேயாவில் ரப்பர் மரம் சீவிய தமிழன்! ஆசை காட்டியும் பிடித்திழுத்தும் தோட்டம் தோட்டமாகக் கொண்டு போயினர். கல் உடைத்தான், காலராவில் மடிந்தான். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது.

மாண்ட போர்க் கைதிகள் 12,000க்கு மேல். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல்லறை, பெயருண்டு, படைப்பிரிவுண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000. இதுவும் மதிப்பீடுதான், பிணத்தை எண்ணக்கூட ஆளில்லை! அவர்களுள் பல்லாயிரவர் தமிழர். அவர்களுக்கு அங்கே நடுகல் நின்றது 2023இல்; எண்பதாண்டு கழித்து!

கல் வந்தது. பெயர்கள் எங்கே? பழைய தோட்டப் பதிவேடுகளில் தேடச் சொல்லுங்கள், நம் தம்பியை!