அத்தர் என்னுஞ் சொல்: போலிச் சொற்பிறப்பு மறுப்பு

மலரினின்றும் வடிக்கப்படும் நறுநெய் அத்தர் எனப்படும். இச்சொல் 'அத்தன்' என்னுந் தமிழ்ச்சொல்லின் வழிவந்தது என்றும், சிவபெருமான் திருப்பெயரே அவன் பூசைக்குரிய மணப்பொருட்கும் ஆயிற்று என்றும் ஒருசாரார் கூறுவாராயின், அது பொருந்தாது. அத்தன் என்பது தந்தையைக் குறிக்கும் முறைப்பெயர். திருமுறைகளில் உயிர்கட்கெல்லாந் தந்தையாகிய இறைவனை உணர்த்துவது. அத்தரோ மணம் எனப் பொருள்படும் 'இத்ர்' என்னும் அரபுச்சொல்லின் திரிபு. மணப்பொருள் விற்போன் அம்மொழியில் 'அத்தார்' எனப்படுவான். அச்சொல் பாரசீகத்தின் வழியே வடநாடு புகுந்தது. செப்புக் கலத்தில் மலரையும் நீரையும் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தன நெய்யில் ஏற்குங் கன்னோசி நகரத்துத் தொழிலோடு அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. காண்டல், கருதல், உரை என அளவை வகுத்த சித்தாந்த நூலார், ஐயமுந் திரிபும் நீங்கிய காட்சியையே காட்சி எனக் கொண்டனர். பழுதையைப் பாம்பென்றல் திரிபாயின், அத்தரை அத்தன் என்றலும் அன்னதே.

அற்றேல், சொல் பிறமொழியதாகவே நறுநெய்யும் பிறர் தந்ததென முடியும்; அது தமிழர்க்கு இழுக்காம் எனின், ஆகாது. பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரையும், கூந்தற்குரிய வாசநெய்யையும் சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறுதல் கற்றார் அறிவர். பெயர் வந்த வழி வேறு, பொருள் வந்த வழி வேறு.

இதற்குப் பழனிமலைத் தொடரிலேயே சான்றுண்டு. கோடைக்கானற் கடைகளில் யூகலிப்டஸ் இலையினின்றும் வடித்த நெய் தைலம் என விற்கப்படுகின்றது. தைலம் என்பது திலத்தின் வழிவந்த வடசொல், திலமாவது எள். அந்நெய்யில் எள் இல்லை. அம்மரமோ ஆஸ்திரேலியாவினின்றும் வந்தது. இனி, அடிவாரத்துப் பழனியில் ஆண்டவர் திருமுழுக்கிற்குரிய பன்னீர், பனிநீர் என்பதன் மரூஉ, தூய தமிழ்ப்பெயர். அதுகொண்டு ரோசா மலரை வடிக்குங் கலையும் தமிழரே கண்டதென்றல் கூடுமோ? கூடாதன்றே. அத்தர்க்கும் அந்நியாயமே கொள்க. பிறமொழிப் பெயருடைமையால் அது பூசைக்கு ஆகாதென விலக்குவார் கூற்றும் இதனால் மறுக்கப்பட்டது. ஆராயத்தக்கது பொருளின் தூய்மையேயன்றிப் பெயரன்று.

மலர்ப்பெயர் இறைவற்கு உரியதாதலைக் காண விழைவார், கோடைக்கானலில் 1936-இல் எழுந்த குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலைக் காண்க. 12 ஆண்டிற்கு ஒருமுறை மலர்ந்து, 2006-இலும் 2018-இலும் அம்மலையை நீலமாக்கிய குறிஞ்சி, முருகப்பெருமானுக்கும் மலைநிலத்திற்கும் பெயராயிற்று. நிலத்தையே மலரால் வகுத்த மொழிக்கு இரவற் பெருமை வேண்டா. பொய்ச்சான்று காட்டிச் சமயத்தை உயர்த்தப் புகுவார், அச்சான்று வீழுங்கால் சமயத்தையும் பிறர் நகைக்கு இடமாக்குவர். மெய்ப்பொருளை நாடுவார்க்குச் சொல்லாராய்ச்சியிலும் மெய்யே துணையாதல் வேண்டும்.