குழாயை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுப்போம்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் நம் பணிமனைகள் கழுவித் துடைக்கப்பட்டு, ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கப்படும். ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்த தரை அன்றைக்குத்தான் தன் சொந்த நிறத்தைக் காட்டும். சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து வெளியே தள்ளுவோம். கறுப்பாக ஓடும் தண்ணீர் வாசலோர வடிகாலில் இறங்கியதும் வேலை முடிந்தது என்று நிம்மதி அடைவோம். அதன்பின் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நாம் கழுவாமல் விட்ட மூலைகளை அது கழுவி, அதே வடிகாலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்த வடிகால் எங்கே போகிறது? பேருந்துப் பணிமனை, நகராட்சி வண்டிக் கொட்டகை, நெடுஞ்சாலைக் கிடங்கு என்று எந்த வளாகத்தில் பணிபுரிந்தாலும் நாம் ஒவ்வொருவரும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி இது. பாதாளச் சாக்கடையில் விழும் நீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் போகிறது. மழைநீர் வடிகாலில் விழும் நீருக்கு அப்படி எந்தத் தடுப்பும் கிடையாது. சென்னையில் அது கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகியவற்றில் நேராகக் கலக்கிறது. மற்ற ஊர்களில் அது சேரும் இடம் ஓர் ஏரியாகவோ கண்மாயாகவோ இருக்கும். நம் வாசலில் இருக்கும் இரும்புக் கம்பி மூடிதான் அந்த நீர்நிலையின் கரை.

“நம் வளாகத்தில் சிந்துவது கொஞ்சம்தானே” என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் வளாகத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் விழுகிறது. நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த எல்லை. அந்த 40,000 லிட்டரும் இந்த எல்லையைத் தொட 400 கிராம் எண்ணெய் போதும். அளந்தால் அரை லிட்டருக்கும் குறைவு. ஐம்பது வண்டிகள் நிற்கும் இடத்தில் வண்டிக்கு 10 மில்லி சொட்டியிருந்தாலே எல்லை கடந்துவிடும். ஒரு பேருந்தின் இன்ஜினில் மட்டும் பத்து லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயோடு கணக்கு முடிவதில்லை. பிரேக் லைனிங் தேய்ந்த தூளில் செம்பு இருக்கிறது. டயர் தேய்மானத்திலும் துத்தநாகம் பூசிய தகரக் கூரைகளிலும் துத்தநாகம் இருக்கிறது. பழைய பேட்டரிகளிலிருந்து ஈயமும் அமிலமும் கசிகின்றன. கொட்டிவைத்த எம்சாண்ட் மழையில் அடித்துச் செல்லப்பட்டு வடிகாலை அடைக்கிறது. மாதக்கணக்காக வெயிலில் படிந்த இவை எல்லாவற்றையும் முதல் மழையின் முதல் ஓட்டமே பெருமளவு அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே நம் வேலை அந்த மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

அதற்கான வழி, தண்ணீரில்லாமல் சுத்தம் செய்வது. ஆயில் சிந்தினால் உடனே மரத்தூளோ மணலோ போட்டு ஊறவிட்டு, கூட்டி அள்ளி, மூடியுள்ள தனி டிரம்மில் போட வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தூளையும் காட்டன் வேஸ்ட்டையும் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. விதிகளின்படி அவையும் அபாயகரமான கழிவுகள்தாம். தரையைக் கழுவியே ஆக வேண்டுமென்றால், முதலில் கூட்டுங்கள், பிறகு துடையுங்கள், கடைசியாக மிஞ்சும் கறைக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீரும் எண்ணெய் பிரிப்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

சோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் நீரில் மிதக்கும் என்ற ஒரே குணத்தை நம்பித்தான் பிரிப்புத் தொட்டி கட்டப்படுகிறது. சோப்பு அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்துவிடுகிறது. அவை மேலே வந்து சேராமல் நீரோடு கலந்தே வெளியேறுகின்றன. தரை பளபளக்கும்; தொட்டியில் எண்ணெய் குறைவாகச் சேரும்; எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும். உண்மையில் மீதி எண்ணெய் வெளியே போயிருக்கும். தொட்டியின் அடியில் சேரும் சேற்றை உரிய காலத்தில் எடுக்காவிட்டாலும் இதே கதைதான். பெருமழையில் அந்தச் சேறு கலங்கி ஒரே நாளில் வடிகாலுக்குப் போய்விடும். மழைக்கு முன் தொட்டியைத் தூர்வாரி முடித்திருக்க வேண்டும்.

கூரை அடுத்த தேவை. மழை படாத பொருளை மழை கொண்டுபோக முடியாது. ஆயில் டிரம், பேட்டரி, கழற்றிப்போட்ட இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் ஆகியவை கூரைக்கடியில் இருக்கட்டும். கூரை இல்லாத இடத்தில் தார்ப்பாய் போதும். டிரம்கள் இருக்கும் தரையைச் சுற்றி, மிகப் பெரிய கொள்கலனின் கொள்ளளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் தாங்கும் தடுப்புச் சுவர் வேண்டும். டயருக்குக் கூரை போட்டால் கொசு உற்பத்தியும் நிற்கும். ஒழுகும் வண்டியை நிறுத்தும்போதே அடியில் ஒரு தட்டு வைப்பது டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கமாக வேண்டும்.

மழைக்காலத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு பிட்டில் நடக்கிறது. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் அந்தக் குழியில் மழைநீர் நிரம்பிவிடும். காலையில் வண்டிகள் புறப்பட வேண்டிய அவசரம். மோட்டாரைப் போட்டு, நீரை அப்படியே வடிகாலுக்கு இறைத்துவிடுவோம். நான் பயிற்சிக் காலத்தில் இருந்த ஒரு பணிமனையில் என் கையாலேயே இதைச் செய்திருக்கிறேன். பிட்டின் அடியில் மாதக்கணக்காகச் சேர்ந்த ஆயிலும் கிரீஸும் கால் மணி நேரத்தில் தெருமுனையில் வானவில் நிறமாகப் பரவின. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அது தவறு என்று எனக்குச் சொல்லித்தந்தவரும் இல்லை. மழைக்கு முன் பிட்டைத் தண்ணீரில்லாமல் சுரண்டித் துடைத்திருந்தால், பிட்டைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தால், அந்த நிலையே வந்திருக்காது. நீர் புகுந்தே விட்டால், மேலே மிதக்கும் எண்ணெயை முதலில் வழித்தெடுத்துவிட்டு, மீதி நீரைப் பிரிப்புத் தொட்டிக்கு இறைக்க வேண்டும்.

சட்டமும் இதையேதான் எதிர்பார்க்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசுப் பொருளை நீர்நிலையில் தெரிந்தே விடுவதையும் விட அனுமதிப்பதையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின்படி, பழைய ஆயிலைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் போக்குவரத்து நிறுவனங்கள் வண்டி பழுதுபார்க்கும் வளாகங்களின் மழைநீரும் அனுமதி பெற்று வெளியேற வேண்டிய நீராகக் கருதப்படுகிறது. 1987இல் அந்நாட்டின் தூய நீர்ச் சட்டம் திருத்தப்பட்டபின் வந்த ஏற்பாடு அது. அங்கே அனுமதி பெறும் ஒவ்வொரு வளாகமும் தன் மழைநீர் எங்கே விழுகிறது, எதைத் தொடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்று வரைபடம் போட்டு வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வரைபடம் போட நமக்கு எந்த ஆணையும் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் ஒரு மணி நேரமும் போதும்.

அலட்சியத்தின் விலை என்ன என்பதை 2023 டிசம்பரில் எண்ணூர் பார்த்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போது சுட்டிக்காட்டியது. ஆலையின் அளவு வேறு, நம் பணிமனையின் அளவு வேறு என்பது சரிதான். ஆனால் மழைநீர் தேங்கும் இடமும் எண்ணெய் சிந்தும் இடமும் ஒன்றாக இருப்பது என்ற குறை இரண்டுக்கும் பொது.

பணிமனைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. துடைப்பம் பிடிப்பவரிடம் இந்தப் பொறுப்பைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்குக் கையுறையும் மரத்தூளும் மூடியுள்ள டிரம்மும் கொடுங்கள். எந்த மூடி சாக்கடைக்குப் போகிறது, எந்த மூடி ஆற்றுக்குப் போகிறது என்பதைப் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். வேகமாகக் கழுவி முடித்தவரைப் பாராட்டும் பழக்கத்தை விட்டு, சிந்தியதை உடனே அள்ளியவரைப் பாராட்டுங்கள்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுப்போம். முதல் மழை நாளில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வளாகத்தின் மேட்டிலிருந்து வாசல் வடிகால் வரை தண்ணீரோடு நடந்து பாருங்கள். எங்கே நிறம் மாறுகிறதோ, அங்கே அடுத்த நாள் வேலையைத் தொடங்குங்கள்.